பட்டா இருக்கு, ஆனா ஜோன் என்ன? வேலூர், காட்பாடி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

காட்பாடில பிளான் போட்டு குடுக்குற வேலைல இருக்கேன், தினமும் யாராவது ஒருத்தர் பட்டாவை நீட்டி "இதுல ஸ்கூல் கட்டலாமா, ஆஸ்பத்திரி கட்டலாமா, இந்த இடத்தை கவர்மெண்ட் எடுத்துக்குமா"னு கேக்குறாங்க. அட்வான்ஸ் குடுத்த பிறகு வந்து கேக்குறவங்கதான் ஜாஸ்தி. அதனால நம்ம ஊர் உதாரணத்தோட பதில் எல்லாம் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன், நிதானமா படிங்க.

பட்டாவுல புஞ்சைனு போட்டிருக்கு சார், அப்ப வீடு கட்டலாம்தானே?

பட்டாவை வச்சு மட்டும் சொல்ல முடியாது. நஞ்சை, புஞ்சை, நத்தம், தரிசு, புறம்போக்கு இதெல்லாம் வருவாய்த்துறை வச்ச வகை, தாசில்தார் ஆபீஸ் கணக்கு, நிலம் யாருது, எவ்ளோ பரப்பு, என்ன தீர்வைனு சொல்றதுக்கு. அந்த நிலத்துல என்ன கட்டலாம்னு சொல்றது வேற டிபார்ட்மெண்ட், அது நகர் ஊரமைப்புத் துறை, நம்ம ஜனங்க டிடிசிபினு சொல்றது. 1971-ல வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கு கீழ மாஸ்டர் பிளான் போடுறாங்க, அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு உபயோகம் குறிச்சிருப்பாங்க, அதைத்தான் ஜோன்னு சொல்றோம். பட்டா ஆதார் கார்டு மாதிரி, ஜோன் டிரைவிங் லைசென்ஸ் மாதிரி. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்குனு அர்த்தம் கிடையாது.

பட்டாவுல புஞ்சைனு இருந்தும் மேப்ல குடியிருப்புனு இருக்கலாம், அப்ப வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கேக்கலாம். வீட்டு மனைனு சொல்லி வித்த இடம் மேப்ல விவசாயம்னு இருக்கலாம், அப்ப மாட்டுவீங்க. இந்த ரெண்டு கணக்கையும் ஒண்ணுனு நெனச்சுக்குறதுலதான் என்கிட்ட வர்ற பிரச்சனைல முக்கால்வாசி ஆரம்பிக்குது.

ஜோன் மொத்தம் எத்தனை வகை?

2019-ல வந்த ஒருங்கிணைந்த அபிவிருத்தி மற்றும் கட்டட விதிகள்ல பாத்தீங்கனா முதன்மை குடியிருப்பு, கலப்பு குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, ஆபத்தான தொழிற்சாலை, திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறமல்லாததுனு பிரிச்சிருக்காங்க. பழைய மாஸ்டர் பிளான்கள்ல பேரு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், கல்வி உபயோகம்னு தனியா, பொது மற்றும் அரைப்பொது உபயோகம்னு தனியா போட்டிருப்பாங்க. இப்ப நிறுவனம்னு சொல்றதுல கிட்டத்தட்ட அந்த ரெண்டும் வந்துடுது.

மேப்ல கலர் வச்சும் அடையாளம் பாக்கலாம். வழக்கமா குடியிருப்பு மஞ்சள், வணிகம் நீலம், தொழிற்சாலை ஊதா, பொது அரைப்பொது சிவப்பு, பூங்கா மைதானம் பச்சை. ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க, அந்த மேப்லயே மூலைல குறியீடு விளக்கம் இருக்கும், அதைப் பாத்து உறுதி பண்ணிக்கங்க. செராக்ஸ் எடுத்த காப்பில மஞ்சளும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும்.

பொது உபயோகம், அரைப்பொது உபயோகம், ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?

பொதுனா அரசாங்கமோ உள்ளாட்சியோ நேரடியா நடத்துறது. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ், கோர்ட், தொரப்பாடி ஜெயில், அடுக்கம்பாறை கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, பென்ட்லேண்ட் ஆஸ்பத்திரி, மாநகராட்சி ஸ்கூல், போலீஸ் ஸ்டேஷன், தண்ணி டேங்க் இருக்குற இடம் இதெல்லாம் அப்படி.

அரைப்பொதுனா நடத்துறது தனியாரோ டிரஸ்டோ சபையோ, ஆனா பயன்படுத்துறது பொது ஜனம். நம்ம ஊருக்கு இதை ரொம்ப விளக்கவே வேணாம், ஏன்னா வேலூரே அரைப்பொது நிலத்தை சுத்தி வளர்ந்த ஊருதான். 1900-ல ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சது இன்னைக்கு சிஎம்சியா நிக்குது, காலேஜ் பாகாயத்துல, ஆஸ்பத்திரி டவுனுக்கு நடுவுல, 2022-ல இருந்து ராணிப்பேட்டை பக்கமும் ஒரு பெரிய கேம்பஸ். ஊரீஸ் காலேஜ் 1898-ல இருந்து இருக்கு, காந்தி நகர்ல ஆக்ஸீலியம், காட்பாடில 1984-ல இன்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்ச விஐடி, ஸ்ரீபுரம் பொற்கோவில், தெருவுல இருக்குற கோவில் சர்ச் மசூதி எல்லாமே இந்த வகைலதான் வரும். சாப்பாடு, ரூம், ஆட்டோ, மருந்துக்கடைனு டவுன்ல பாதிப் பேரு பிழைப்பு இந்த இடங்களை நம்பித்தான் ஓடுது.

அதனாலதான் இந்த ஜோன் மேல எனக்கு அக்கறை. ஒரு வீட்டு மனையோட கலர் மாறுனா அதுல பாதிக்கப்படுறவங்க கொஞ்சப் பேரு. ஒரு ஸ்கூல் மைதானத்தோட கலர் மாறுனா அந்த ஏரியா பசங்க எல்லாருக்கும் நஷ்டம், அது திரும்பி வராது.

என் நிலம் மேப்ல பொது உபயோகம்னு சிவப்பா இருக்கு. கவர்மெண்ட் எடுத்துக்குமா? பணம் வருமா வராதா?

முதல்ல பயப்படாதீங்க. மேப்ல சிவப்பு போட்டதால நிலம் அரசாங்கத்துக்கு சொந்தமாகிடாது, பட்டா உங்க பேர்லயே இருக்கும், விக்கலாம், பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கலாம். என்ன கட்டலாம்ங்கறதுல மட்டும்தான் கட்டுப்பாடு.

இதுல ரெண்டு விதம் இருக்கு, கவனிச்சுக்கங்க. ஒண்ணு, சும்மா நிறுவன ஜோன்னு வகைப்படுத்துனது, அதாவது நீங்களே அங்க ஸ்கூலோ ஆஸ்பத்திரியோ கட்ட அப்ளை பண்ணலாம். இன்னொண்ணு, குறிப்பா ஒரு ரோட்டுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ பார்க்குக்கோனு ஒதுக்கி வச்சது, அதை அரசு பின்னாடி கையகப்படுத்த நெனச்சு போட்டது. இந்த ரெண்டாவது வகைக்கு 1971 சட்டத்துல 38-வது பிரிவு இருக்கு. திட்டம் பத்தின அறிவிப்பு அரசிதழ்ல வந்த நாள்ல இருந்து 3 வருஷத்துக்குள்ள கையகப்படுத்துற அறிவிப்பும் வரல, பேசி விலைக்கும் வாங்கலனா, அந்த ஒதுக்கீட்டுல இருந்து நிலம் விடுபட்டதா கருதப்படும். இந்தப் பிரிவை வச்சு ஹைகோர்ட் போய் ஆர்டர் வாங்குனவங்க நிறைய பேரு இருக்காங்க. ஆனா 3 வருஷம் ஆயிடுச்சுனு நீங்களே முடிவு பண்ணி கட்ட ஆரம்பிச்சுடாதீங்க, ஆபீஸ்ல எழுத்து மூலமா உறுதி வாங்குங்க, மேப்ல உபயோகம் என்னனு இருக்குங்கறது தனிக் கேள்வி, அதுக்கும் பதில் வாங்கணும்.

மாநகராட்சில எங்க வீடு ஒண்ணாவது மண்டலம்னு சொன்னாங்க, அதுதான் ஜோனா?

இல்லங்க. அது நிர்வாக மண்டலம். 2008-ல மாநகராட்சி ஆனதுக்கப்புறம் காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாம் சேர்த்து 60 வார்டு, 4 மண்டலம்னு பிரிச்சாங்க, வரி கட்ட, குப்பை அள்ள, தண்ணி விட. நில உபயோகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஜோன் என்னனு எங்க போய் பாக்குறது?

உங்க சர்வே நம்பர், உட்பிரிவு நம்பர், கிராமத்து பேரு எழுதி எடுத்துட்டு நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல மனு குடுங்க, நில உபயோகம் என்னனு எழுத்துல கேளுங்க. கூடவே எஃப்எம்பி (நிலத்தோட அளவு காட்டுற சர்வே வரைபடம்), பட்டா காப்பி வைங்க, ரெண்டுமே தமிழ்நாடு இ-சர்வீஸ் வெப்சைட்ல எடுக்கலாம்.

டவுனுக்குள்ள இருக்குறவங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. சைதாப்பேட்டை, கஸ்பா, வேலப்பாடி மாதிரி பழைய ஏரியால டவுன் சர்வே நடந்திருக்கும், அப்ப வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர்னு புதுசா இருக்கும், ஆனா மாஸ்டர் பிளான்ல பழைய சர்வே நம்பரே இருக்கலாம். ரெண்டும் பொருந்துற மாதிரி ஒப்பீட்டு நம்பர் வாங்கிட்டுப் போங்க, இல்லனா பக்கத்து மனையோட ஜோனைப் பாத்துட்டு சந்தோஷமா வந்துடுவீங்க. புரோக்கர் மொபைல்ல காட்டுற மேப் படத்தை நம்பி ஒரு ரூபாய் கூட குடுக்காதீங்க.

சிஎம்சி பக்கத்துல வீடு இருக்குண்ணா. மாடில ரூம் போட்டு பேஷன்ட்டுங்களுக்கு வாடகைக்கு விட்டா ஜோன் பிரச்சனை வருமா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வருது. காகிதப்பட்டறை, சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம் பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் பெங்காலி போர்டு, இந்தி போர்டு, ரூம் அவைலபிள்னு எழுதியிருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலம், பங்களாதேஷ்ல இருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வர்றாங்க, மாசக்கணக்குல தங்கி தானே சமைச்சு சாப்பிடுறாங்க, அவங்களுக்கு இடம் வேணும், நம்ம ஆளுங்களுக்கு வருமானம் வேணும். இதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஊருக்கு இது ஒரு சேவையும்தான்.

ஆனா சட்டப்படி பாத்தா ஒரு குடும்பத்துக்கு மாச வாடகைக்கு வீடு விடுறது வேற, நாள் வாடகைக்கு பத்து பதினஞ்சு ரூம் விடுறது வேற. ரெண்டாவது லாட்ஜ், அதாவது உபயோகமே மாறுது. வீடுனு அப்ரூவல் வாங்குன கட்டடத்தை லாட்ஜா மாத்துனா அந்த ஜோன்ல அது அனுமதியா, ரோடு அகலம் போதுமா, பார்க்கிங் இருக்கா, தீயணைப்புத் துறை சான்று வேணுமானு எல்லாம் பாக்கணும். நம்ம ஏரியால ஜோன் ஓகேனாலும் ரோடு அகலத்துல அடிபடுறவங்கதான் நிறைய, ஏன்னா அந்தத் தெருவெல்லாம் ஒரு ஆம்புலன்ஸும் ஒரு ஆட்டோவும் எதிர் எதிரே வந்தா ஒதுங்க இடம் இல்லாத தெரு.

சில பேரு "மாநகராட்சிக்கு வரி கட்டுறேன், கமர்ஷியல் கரண்ட் கனெக்ஷன் வாங்கிட்டேன், வெளிநாட்டுக்காரங்க தங்குனா அந்த விவரத்தை அனுப்பிடுறேன், அப்புறம் என்ன"னு கேப்பாங்க. அதெல்லாம் கட்டாயம் செய்யணும், ஆனா அதுல எதுவுமே திட்ட அனுமதி ஆகாது. வரி ரசீது இருக்குறதால கட்டடம் முறைப்படி ஆனதுனு எந்த ஆபீசும் ஒத்துக்காது. வைத்தியத்துக்கு வந்த, படில ஏற முடியாத ஜனங்க தங்குற இடம், அதனால தீ விபத்து நடந்தா எப்படி வெளிய வருவாங்கனு மட்டுமாவது யோசிச்சு ரெண்டாவது படிக்கட்டு வைங்க. எந்த அதிகாரியும் வந்து கேக்கலனாலும் வைங்க.

எங்க லேஅவுட்ல பார்க்குனு காட்டுன இடத்துல புரமோட்டர் மறுபடியும் மனை பிரிச்சு விக்கிறாரு. தடுக்க முடியுமா?

முடியும். தைரியமா இறங்குங்க.

விதி இப்படி. மனைப்பிரிவு 3000 சதுர மீட்டருக்கு மேல இருந்தா, ரோடு போக மீதி பரப்புல 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்கணும், ஓஎஸ்ஆர்னு சொல்றது இதைத்தான். 3000-ல இருந்து 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலமா குடுக்கலாம், இல்ல வழிகாட்டி மதிப்புல பணமா கட்டலாம். 10,000-க்கு மேல, அதாவது கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கருக்கு மேல போனா பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாவே குடுக்கணும், அதுவும் ரோட்டோட சேர்த்து உள்ளாட்சி பேர்ல தானப் பத்திரம் பதிவு பண்ணிக் குடுக்கணும். பதிவு ஆன நிமிஷத்துல இருந்து அது புரமோட்டர் சொத்து இல்ல.

அதனால நீங்க செய்ய வேண்டியது, அப்ரூவ் ஆன லேஅவுட் வரைபடம் நம்பரோட வாங்குங்க, பார்க்கு இடத்துக்கு தானப் பத்திரம் ஆயிருக்கானு சப்-ரிஜிஸ்தார் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டு பாருங்க. ஆயிருந்தா ஆவணத்தோட மாநகராட்சி கமிஷனருக்கும் சார்பதிவாளருக்கும் ஒரே நாள்ல மனு குடுங்க, மனைனு பதிவு பண்ண விடாம நிறுத்தச் சொல்லி. பழைய லேஅவுட்ல தானப் பத்திரம் ஆகாமலே கிடக்குறதும் உண்டு, அப்பவும் அப்ரூவ்டு பிளான்ல பார்க்குனு காட்டி மனை வித்தவரு அதை தன் இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

கோர்ட்டும் இதுல தெளிவா இருக்கு. பெங்களூர்ல பார்க்குக்கு ஒதுக்குன இடத்தை தனியார் நர்சிங் ஹோம் கட்ட குடுத்தாங்க, அந்த ஏரியா ஜனங்க கேஸ் போட்டாங்க, 1991-ல சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாதுனு சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரியும் நல்ல காரியம்தானேனு வாதாடுனாங்க, பார்க்குக்கு பதிலா ஆஸ்பத்திரினு மாத்த முடியாதுனு கோர்ட் ஏத்துக்கல. நம்ம பக்கம் இதே மாதிரி "கோவில்தானே கட்டுறோம், சமுதாயக் கூடம்தானே"னு பார்க்குல கட்ட வருவாங்க. நல்ல நோக்கமா இருந்தாலும் அந்த இடம் வெட்டவெளியா இருக்கட்டும்னு சொல்ல தயங்காதீங்க. முதல்ல நாலு பேரு சேர்ந்து ஒரு கம்பி வேலி போட்டு பத்து மரக்கன்னு வைக்கச் சொல்லி மாநகராட்சில கேளுங்க, காலியா புதர் மண்டிக் கிடக்குற பார்க்குக்குத்தான் முதல்ல ஆபத்து வரும்.

நர்சரி ஸ்கூல் கட்ட ஒரு ஏக்கர் வாங்குனோம், விவசாய ஜோன்னு வருது. இப்ப இன்னா பண்றது?

முதல்ல அந்த கிராமம் மாஸ்டர் பிளான் எல்லைக்கு உள்ள இருக்கா வெளிய இருக்கானு பாருங்க, வழி ரெண்டும் வேற.

உள்ள இருந்தா அதே 1971 சட்டத்தோட 32(4) பிரிவுல நில உபயோக மாற்றம் கேக்கணும், அதாவது மாஸ்டர் பிளானையே அந்த சர்வே நம்பர் அளவுக்கு திருத்தச் சொல்றது. பட்டா, எஃப்எம்பி, மூல பத்திரம், சுத்தி என்ன இருக்குனு காட்டுற வரைபடம், உள்ளாட்சி கருத்து, வெள்ளம் தேங்குற இடமானு நீர்வளத்துறை கருத்து, நஞ்சைனா வேளாண்மைத் துறை கருத்து எல்லாம் கேப்பாங்க, நாளிதழ்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபனை கேப்பாங்க, கடைசில அரசிதழ்ல வரணும். வெளிய இருந்தா அதே சட்டத்தோட 47-ஏ பிரிவு, அதுக்கு 2017-ல தனி விதிகள் வந்துச்சு, விவசாய நிலத்தை வேற உபயோகத்துக்கு மாத்த டிடிசிபி இசைவு வாங்கணும், அப்புறம்தான் கட்டட அனுமதி.

ஸ்கூல்ங்கறதால கட்டட விதி இன்னும் கறாரா இருக்கும், இருக்கணும். 2004-ல கும்பகோணத்துல தீயில 94 குழந்தைங்க போனதை மறந்துட்டு யாரும் ஸ்கூல் கட்டடம் கட்டக் கூடாது. ஓலைக் கூரை, ஒரே வாசல், குறுகலான படி, இதுல எதையும் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லி என்கிட்ட வராதீங்க.

நேரம் ஆகும்ங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்கணும்னு ஏப்ரல்ல வந்து கேட்டா ஒண்ணும் பண்ண முடியாது. நிலம் வாங்குறதுக்கு முன்னாடியே ஜோன் பாத்திருந்தா பக்கத்துல அதே விலைக்கு நிறுவன ஜோன்லயோ கலப்பு குடியிருப்புலயோ கெடச்சிருக்கலாம்.

ஏரி ஓரமா பட்டா மனை மலிவா வருது, வாங்கலாமா நைனா?

ஓட்டேரி, கழிஞ்சூர் ஏரி பக்கம்லாம் இந்த ஆசை வரும். பட்டா இருந்தாலும் ஏரியோட நீர்ப்பிடிப்பு, கலங்கல், வரத்துக் கால்வாய் எங்கனு எஃப்எம்பியும் கிராம ஏ-ரிஜிஸ்டரும் (ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம்னு இருக்குற வருவாய்த்துறை பதிவேடு) வச்சு பாருங்க. ஏரி, ஓடை, வாய்க்கா புறம்போக்குனு இருந்தா கிட்டயே போகாதீங்க, 2007-ல ஏரி பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமே வந்திருக்கு, 2001-ல சுப்ரீம் கோர்ட்டும் குளம் குட்டை எல்லாம் பொதுச் சொத்து, காப்பாத்தணும்னு சொல்லிடுச்சு. 2021 நவம்பர்ல பாலாத்துல வந்த வெள்ளத்தை பாத்தவங்களுக்கு தண்ணி தன் பழைய வழியை மறக்காதுனு தெரியும். மலிவு விலைனா ஒரு காரணம் இருக்கும்.

தோல் பேக்டரிக்கு பக்கத்துல குடியிருப்பு ஜோன் வச்சிருக்காங்களே, அது எப்படி?

ஜோன் மேப் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைல தொழில் வந்துடுச்சு, வீடும் கூடவே வளர்ந்துச்சு, மேப் பின்னாடி வந்து இருக்குறதை கலர் அடிச்சுது. அதிகம் மாசு பண்ற தொழில் ஆறு ஏரி ஓரத்துல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள வரக்கூடாதுனு தமிழ்நாடு அரசு 1989-லயே அரசாணை போட்டுச்சு. பாலாறு கெட்டுப்போனதுக்காக வேலூர் ஜனங்க தரப்புல போன கேஸ்ல 1996-ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு நாடு முழுக்க சட்டக் காலேஜ்ல பாடமா நடத்துறாங்க. ஸ்கூல், ஆஸ்பத்திரிக்கு இடம் தேடுறவங்க தொழிற்சாலை ஜோன் எல்லையில இருந்து எவ்ளோ தள்ளி இருக்கோம், போர் தண்ணி எப்படி இருக்குனு ரெண்டையும் பாத்துட்டு வாங்குங்க.

கோட்டை பக்கத்துல கட்டடம்?

தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னம். எல்லையில இருந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடத்துக்கு தடை, அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அவங்க அனுமதி வேணும். ஜோன் என்ன கலரா இருந்தாலும் இதுதான்.

அப்ரூவல் இல்லாத மனை, 2012-ல பத்திரம் ஆனது. ஜோன் ஏதாவது பாதிக்குமா?

2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல விதி வந்துச்சு. உங்க மனை இப்ப எந்த நிலைல இருக்குனு கேட்டுக்கங்க. ஆனா நீர்நிலை, புறம்போக்கு, பொதுச் சாலை, பார்க்குக்கு ஒதுக்குன இடம் இதுல இருக்குற மனை அதுல வராது.

பக்கத்து இடத்தை கமர்ஷியலா மாத்தப் போறாங்கனு கேள்விப்பட்டேன். எதிர்ப்பு எப்படி குடுக்குறது?

நாளிதழ் விளம்பரம் வந்தா அதுல தேதி போட்டிருக்கும், அதுக்குள்ள எழுத்து மூலமா குடுக்கணும். கோபமா எழுதாதீங்க, காரணமா எழுதுங்க. ரோடு எத்தனை அடி, அந்தத் தெருவுல ஸ்கூல் இருக்கா, மழைத் தண்ணி எந்தப் பக்கம் போகுது, பார்க்கிங் எங்க நிக்கும்னு அளந்து எழுதுனா ஃபைல்ல நிக்கும். நாலு வீட்டுக்காரங்க கையெழுத்தும் வாங்குங்க, ஒப்புகைச் சீட்டு வாங்காம ஆபீஸை விட்டு வராதீங்க.

விளம்பரம் கண்ணுல படலனா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும்போது "ஏன் அனுமதிச்சீங்க"னு கேட்டா பதில் வராது. இந்த சர்வே நம்பருக்கு மாஸ்டர் பிளான்ல குறிச்ச உபயோகம் என்ன, மாற்றம் கேட்டு மனு வந்திருந்தா அதோட நகல், மத்த துறைங்க குடுத்த கருத்துக் கடிதங்களோட நகல், விளம்பரம் வந்த நாளிதழும் தேதியும், இப்படி நாலா பிரிச்சு கேளுங்க.